கை நின்ற இடம்

மதுரை, கீழவாசல்
24-11-1941

இறைவன் திருப்பெயரால்.

ரங்கூன் மொகல் தெருவில் ஜவுளிக்கடை நடத்தும் அன்பு மாப்பிள்ளை ஜமீல் அவர்களுக்கு ஸலாம். மதுரைக் குடைகளின் சக்கரவர்த்தியும், உங்கள் மனைவி லத்தீபாவுக்கு ஒரே அண்ணனும், உங்கள் மகள் சபியாவுக்கு ஒரே மாமனும், இந்தத் தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சம்பளமில்லாத மாமனுமான சேக் இஸ்மாயில் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அங்கே உங்கள் நலத்துக்கு ஐந்து வேளையும் கையேந்துகிறோம்.

முதலிலேயே ஒரு சத்தியம் செய்து கொடுத்துவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை ஒருவர்கூட நம்பப்போவதில்லை. நீங்கள் நம்பமாட்டீர்கள். உங்கள் கடையில் ஊர்க் கடிதங்களையெல்லாம் உரக்கப் படித்துக்காட்டும் நம் தெருக்காரர் சேக் தாவூது நம்பமாட்டார். எழுதுகிற நானே இடையிடையே நிறுத்தி, இப்படியும் நடக்குமா என்று என்னைக் கேட்டுக்கொள்கிறேன்.

இது வந்து சேருவதற்குள் நீங்கள் கப்பல்துறைக்குப் போய், பெண்சாதியும் பிள்ளையும் வருவார்கள் என்று கடைசி ஆள் இறங்கும்வரை நின்று, தனியாகத் திரும்பியிருப்பீர்கள். தந்தி கொடுத்தேன், அது நேரத்துக்கு வந்து சேர்ந்ததோ இல்லையோ. ஆனால் "வரவில்லை, விவரம் கடிதத்தில்" என்பதற்கு மேல் தந்தியில் ஒரு மனிதன் என்ன சொல்ல முடியும்? அவர்களை மெட்ராஸ் வரை கூட்டிக்கொண்டுபோய்க் கப்பலேற்றும் பொறுப்பு என்னுடையது. ஆகவே விவரமும் என்னுடையது.

பேயாண்டியின் குதிரை வண்டி உங்களுக்குத் தெரியும். குதிரைக்குத் திவான் என்று பெயர். அன்று பெட்டி, படுக்கை, நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி, லத்தீபா, சபியா, நான் எல்லாருமாக ஏறி ஸ்டேஷனுக்குப் புறப்பட்டோம். யானைக்கல் அருகே வந்ததும் திவான் நின்றுவிட்டான். பேயாண்டி சாட்டையைக் காட்டினான், வெல்லத்தைக் காட்டினான், கடைசியில் குதிரையின் காலில் விழுந்தான். அசையவில்லை. நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். குதிரைக்கு ஏது கை என்று தாவூது சிரிப்பார். சிரிக்கட்டும், நான் கண்ணால் கண்டேன்.

அப்புறம் என்ன நினைத்தானோ, ஸ்டேஷனுக்கு முதுகைக் காட்டிவிட்டு நேரே வைகைக்குள் பாய்ந்தான். வைகையில் நூஹு நபி காலத்து வெள்ளம். வண்டி மிதந்தது. சபியா என் கடையிலேயே பெரிய குடையை விரித்துப் பிடித்தாள்; காற்று அதில் புகுந்ததும், வண்டி வெள்ளத்தை எதிர்த்து மேற்கே போகத் தொடங்கியது. ஊறுகாய் ஜாடி ஆற்றில் சாய்ந்தது. அன்று முதல் வைகை மீனுக்கு யாரும் உப்பும் புளியும் சேர்ப்பதில்லை.

சமயநல்லூர் வந்ததும் கரை தட்டினோம். ரங்கூன் கப்பல் இனி அந்த ஊர் வழியாகத்தான் போகிறது என்று நினைத்துச் சம்சாரிகள் மூட்டை முடிச்சோடு ஓடிவந்தார்கள். சின்னச்சாமி என்று ஒரு பெரியவர் தம் இரண்டு காளைகளுக்கும் சேர்த்து டிக்கெட் கேட்டார். அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாங்கள் ஏறியிருக்க வேண்டிய மெட்ராஸ் ரயில் கண்ணெதிரே வந்தது. குடையை ஆட்டி நிறுத்தச் சொன்னேன். டிரைவர் மரியாதைக்காரர், பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

கப்பல் தவறியது இப்படித்தான். குற்றம் குதிரையுடையது, குதிரையை அமர்த்திய குற்றம் என்னுடையது. லத்தீபாவின் மேல் ஒரு துளிக் குற்றமும் இல்லை. தாவூது அவர்களே, இந்த வரியை மட்டும் இன்னொரு தரம் படியுங்கள், கடைசி பெஞ்சுக்கும் கேட்கட்டும்.

மற்றபடி, உங்கள் அம்மா அஜ்மல் பீவி மாமி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறார்கள். லத்தீபா கொண்டுபோய் வைக்கும் தேநீரை ஆறவிட்டு, அவள் போன பிறகு குடிக்கிறார்கள். லத்தீபா வேலைகளைப் பார்க்கிறாள், பேசுவதில்லை. பயணப் பெட்டியைப் பிரிக்கவும் இல்லை. கட்டிய கயிற்றோடு கூடத்தில் கிடக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டுதான் எல்லாரும் நடக்கிறோம். சபியா அதன் மேல் உட்கார்ந்து, அத்தா ஊருக்குப் போகும் கப்பல் இதுதான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கோபப்படுங்கள், ஆனால் என் மேல் மட்டும் கோபப்படுங்கள். உங்கள் உடம்பையும் உயிரையும் இறைவன் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உங்கள் மச்சான்,
சேக் இஸ்மாயில்


மதுரை, கீழவாசல்
12-12-1941

இறைவன் திருப்பெயரால்.

அன்பு மாப்பிள்ளைக்கு ஸலாம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. என் கடிதத்தைத் தாவூது படித்தபோது கடையில் எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்களாம், உங்களுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லையாம். ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர், வைகையில் மாடு குளிக்கக்கூடத் தண்ணீர் இல்லை என்று சொன்னாராம். அந்த ஆளின் பெயரை எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குடை பழுது பார்க்க என்னிடம்தானே வர வேண்டும்.

அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த ஒரு வரியை நான் வீட்டில் படிக்கவில்லை. லத்தீபாவுக்கு என்னோடு வாழ விருப்பமில்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்ற வரி. மாதக் கடைசியில் புறப்படும் கப்பலுக்கு ஏற்பாடு செய்திருப்பதாகவும், அதிலும் வராவிட்டால் இனி எந்தக் காலத்திலும் அழைக்கப்போவதில்லை என்றும் எழுதியிருந்ததை மட்டும் மாமிக்குப் படித்துக் காட்டினேன். மாமி உடனே எழுந்து உட்கார்ந்து, அலமாரியிலிருந்து லத்தீபாவின் புர்காவை எடுத்துப் பெட்டி மேல் வைத்துவிட்டார்கள்.

நீங்கள் அதை எழுதியபோது சண்டை உங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. இப்போது வந்துவிட்டது. கீழவாசலில் பத்திரிகை விரிகிற இடத்திலெல்லாம் கூட்டம். சிங்கப்பூர் இரும்புக் கதவு போல இருக்கிறது, அதைத் தாண்டி ரங்கூனுக்கு ஒரு காக்கை வராது என்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். நான் என் பங்குக்குக் குண்டு தாங்கும் குடை ஒன்று செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். (இந்தக் கடிதத்தை நடுவில் பிரித்துப் படிக்கும் துரையவர்களுக்கு ஸலாம். அந்தக் குடையின் ரகசியத்தை எதிரிக்குச் சொல்லிவிடாதீர்கள்.)

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வைகையில் வெள்ளம் இல்லை. சமயநல்லூர்ச் சின்னச்சாமி கப்பலைக் கனவில்கூடக் கண்டதில்லை. காரணம் கேட்டீர்கள் அல்லவா? காரணம் என்று ஒன்று இல்லை, மாப்பிள்ளை. அதனால்தான் அத்தனை பெரிய பொய்யைக் கட்ட வேண்டியதாயிற்று.

அவளுக்கா விருப்பமில்லை? நீங்கள் வாடகைக்குப் பிடித்த மாடி வீட்டின் ஜன்னல் அளவைக் கடிதத்தில் கேட்டு வாங்கித் திரை தைத்தவள் அவள். பச்சைத் துணியில் மஞ்சள் கரை. தைத்ததை எங்கள் கூடத்து ஜன்னலில் தொங்கவிட்டு, ரங்கூன் வெயில் எந்தப் பக்கம் விழும் என்று என்னிடம் கேட்டாள். நான் ரங்கூன் சூரியனுக்கு நெருங்கிய சொந்தக்காரன் போல அரை மணி நேரம் விளக்கம் கொடுத்தேன்.

பயணத்துக்கு முன் இஸ்திகாரா தொழுதாள். இந்தக் காரியம் எனக்கு நன்மை என்றால் லேசாக்கிக் கொடு, தீமை என்றால் என்னை அதிலிருந்து திருப்பிவிடு என்று கேட்கிற தொழுகை. கேட்பதோடு நம் தெரு நிற்குமா? காலையில் பெண்கள் வரிசையாக வந்துவிட்டார்கள், என்ன கனவு கண்டாய் என்று. வெள்ளையோ பச்சையோ கண்டால் போகலாம், கறுப்போ சிவப்போ கண்டால் போகக்கூடாது என்பது அவர்கள் சட்டம். இவள் ஒன்றுமே காணவில்லை, நன்றாகத் தூங்கியிருக்கிறாள். கனவு வராவிட்டால் தடையில்லை என்றுதானே அர்த்தம் என்று மாமி தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

என் நாக்கு சும்மா இருக்குமா? லத்தீபாவுக்குப் பதில் நான் கண்டேன் என்று சொல்லி, வெள்ளைத் தலைப்பாகை கட்டிய ஒரு பச்சைத் திமிங்கலம், கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு சிவப்புத் தெப்பக்குளத்தில் நீந்தியதாக அவிழ்த்துவிட்டேன். பெண்கள் எந்த நிறத்தைக் கணக்கில் எடுப்பது என்று தெரியாமல் சண்டை போட்டுக்கொண்டே கலைந்தார்கள். லத்தீபாவும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, கனவில் எதுவும் வரவில்லை, ஆனால் பெட்டியில் ஒவ்வொரு சாமானாக வைக்கும்போது கை நின்று நின்று போகிறது என்றாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கை நிற்கிறது என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் நோன்பு மாதத்தில் அவள் சமைத்துப் பார்த்து வருடங்கள் ஆகின்றன.

நோன்பு வைத்துக்கொண்டு கஞ்சி காய்ச்சுகிறவள் உப்புப் பார்க்க முடியாது. நாக்கில் ஒரு துளி படக்கூடாது. மாதம் முழுவதும் சாயங்காலம் அவள் அடுப்பின் முன் நின்று, உப்பை அள்ளித் தூவிக்கொண்டே இருப்பாள். ஓர் இடத்தில் கை நின்றுவிடும். அவ்வளவுதான். நோன்பு திறக்கும்போது குடித்துப் பார்த்தால் ஒரு கல் உப்புக் கூடுதலாகவும் இருக்காது, குறைவாகவும் இருக்காது. எப்படித் தெரிகிறது என்று கேட்டால், தெரியாதண்ணே, கை நிற்கும் என்பாள்.

இந்த வருடம் பள்ளிவாசலுக்குக் கஞ்சி கொடுக்கும் முறை நம் வீட்டுக்கு வந்தது. பெரிய அண்டா. அவள் உப்புப் போட்டு நிறுத்திவிட்டாள். நான்தான் இந்த வீட்டின் மேதை அல்லவா? அண்டாவின் சுற்றளவு, ஆட்களின் தொகை, அன்றைய வெயில் எல்லாவற்றையும் மனதுக்குள் பெருக்கி, இது பத்தாது என்று முடிவு செய்து, அவள் திரும்பிய சமயம் இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டேன். அன்று பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் முதல் மிடறு குடித்த ஜமாஅத்தார் அத்தனை பேரும், மறுபடி நோன்பு வைத்துக்கொண்டவர்கள் போல வாயை இறுக மூடிக்கொண்டார்கள். தொட்டித் தண்ணீர் வற்றியது. பக்கத்துத் தெருக் கிணறு வற்றியது. வைகை வறண்டு கிடப்பதாக உங்களிடம் சொன்னாரே, அந்த மனிதர் பழியை என் மேல் போட்டிருக்க வேண்டும்.

ஆகவே இந்த முறை அவள் புர்காவைப் பெட்டி மேலிருந்து எடுத்து மடித்து மறுபடியும் அலமாரியில் வைத்தபோது நான் சிரிக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். கடலைக் கண்டு பயமா, சண்டையைக் கண்டு பயமா, புது ஊரில் தனியாக இருக்கப் பயமா, பயம் என்றால் பயம் என்று சொல், அதற்கு மருந்து உண்டு என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துச் சொன்னதை அவள் வாயால் சொன்னபடியே எழுதுகிறேன்.

"பயம்னா அம்புட்டுக் காரணம் சொல்லும்ண்ணே. கப்பல் கவுந்துரும், புள்ளைக்குக் காச்ச வந்துரும்னு பேசிக்கிட்டே இருக்கும். எனக்கு அதுவும் இருக்கு. ஆனா இது அது இல்ல. இது ஒண்ணுமே பேசாது. சும்மா நின்னுரும்."

மாப்பிள்ளை, வாயைத் திறந்தால் ஒரு காரணத்துக்குப் பதில் ஒன்பது காரணம் சொல்கிறவன் நான். பேசாத ஒன்றை வைத்துக்கொண்டு உங்களுக்கு என்ன பதில் எழுதுவேன்? ஊரில் கூடி நின்று சொல்கிறார்கள், கப்பலேற்ற வேண்டியவளைக் கதை சொல்லி வீட்டில் உட்காரவைத்துவிட்டான் இஸ்மாயில் என்று. அவள் கை தவறாக நின்றிருந்தால், ஒரு குடும்பத்தைக் கடலுக்கு இரண்டு பக்கமும் பிரித்துப் போட்டவன் நானே. சரியாக நின்றிருந்தால்... அந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் உங்களுக்குச் சொல்லச் சொன்னது ஒன்றே ஒன்று. அவுகளை வரச் சொல்லுங்க. அவ்வளவுதான். கடையைத் தாவூதிடம் கொஞ்ச நாள் ஒப்படைத்துவிட்டு ஒரு நடை வந்து போங்கள். கோபத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு வாருங்கள், நேரில் காட்டலாம்.

மாதக் கடைசிக் கப்பலுக்கும் வரவில்லை என்று தந்தி கொடுக்க மனம் இல்லாமல் இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கிறேன். உங்களையும் அந்தத் தெருவையும் படைத்தவன் காக்கட்டும்.

உங்கள் மச்சான்,
சேக் இஸ்மாயில்


மதுரை, கீழவாசல்
19-1-1942

இறைவன் திருப்பெயரால்.

உயிருக்கு உயிரான மாப்பிள்ளை ஜமீலுக்கு ஸலாம்.

இதே கடிதத்தை வரி மாறாமல் எழுதி, ரங்கூன் கடைக்கு ஒன்று, அக்கியாப் பள்ளிவாசலுக்கு ஒன்று, சிட்டகாங் பள்ளிவாசலுக்கு ஒன்று, கல்கத்தாவில் ஒரு சத்திரத்துக்கு ஒன்று என்று அனுப்புகிறேன். உங்கள் பக்கத்திலிருந்து நடந்தும் கப்பலேறியும் வருகிறவர்கள் இந்த ஊர்கள் வழியாகத்தான் வருகிறார்கள் என்கிறார்கள். எந்த ஊரில் இது உங்கள் கையில் கிடைக்கிறதோ அந்த ஊர் நன்றாக இருக்கட்டும்.

ரங்கூன் மேல் குண்டு விழுந்த செய்தியைப் பத்திரிகையில் பார்த்தோம். அன்றிலிருந்து தந்தி மேல் தந்தி கொடுக்கிறோம், பதில் இல்லை. ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது, போனது. சபியாவுக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டு நானே தொழுகைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அத்தா வந்த பிறகு போட்டுக்கொள்கிறேன் என்று வழியெல்லாம் சட்டையைக் கழற்றப் பார்த்தாள்.

கீழவாசலில் எனக்குத் தொழில் போட்டி வந்துவிட்டது. தெருவே என்னைவிடப் பெரிய புளுகனாகிவிட்டது. ஒருவர் ரங்கூன் முழுவதும் கடலில் மூழ்கிவிட்டது என்கிறார். இன்னொருவர் அங்கே ஒன்றுமே நடக்கவில்லை, எல்லாம் பத்திரிகைக்காரன் வேலை என்கிறார். பிள்ளைகள் வந்து கதை சொல்லு மாமா என்று கேட்கிறார்கள். வாய் வரவில்லை. குடைக் கம்பியை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் சேக் தாவூது வந்து சேர்ந்தார். என் கடிதங்களைக் கணீரென்று படித்த குரல் எங்கே போயிற்றோ, பக்கத்தில் போய்க் காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. செருப்பில்லாமல், இரவல் சட்டையில் நம் கூடத்தில் உட்கார்ந்து சொன்னார். முதல் நாள் குண்டு விழுந்தபோது நீங்கள் கடையில் இருந்தீர்களாம். வாடகைக்கு எடுத்த மாடி வீட்டுக்குச் சாயங்காலம் இரண்டு பேருமாகப் போய்ப் பார்த்தீர்களாம். தெருவில் அந்தப் பக்கம் வீடுகளே இல்லையாம். மேலே ஜன்னல் இருந்த இடத்தில் வானம் தெரிந்ததாம்.

பச்சைத் துணியில் மஞ்சள் கரை போட்ட திரை அந்தக் கட்டிய பெட்டிக்குள்தான் இருக்கிறது. எல்லாரும் பெட்டியைத்தான் பார்த்தோம். உங்கள் அம்மா எழுந்து வந்து, லத்தீபாவின் வலது கையை எடுத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்கள். தேநீர் ஆறிப்போன அத்தனை நாட்களுக்கும் அது போதும் என்று நினைக்கிறேன்.

தாவூது புறப்படும்போது உங்களையும் கூப்பிட்டாராம். சரக்கை விட்டுவிட்டு எப்படி வருவது, கடையைத் திறந்துபோட்டால் கொள்ளை போய்விடும், வெறும் ஆளாக ஊரில் போய் எப்படி நிற்பது, நீங்கள் முன்னால் போங்கள் நான் பின்னால் வருகிறேன் என்று நீங்கள் சொன்னீர்களாம். அதற்குப் பிறகு உங்களைப் பார்த்தவர்கள் இதுவரை யாரும் இங்கே வரவில்லை.

இப்போது உங்களுக்குக் கடிதம் படித்துக்காட்ட ஆள் இல்லை. இதை நீங்களே படிப்பீர்கள். அதனால் முதல் கடிதத்தில் கடை முழுவதும் கேட்க எழுத முடியாததை எழுதுகிறேன்.

அன்று திவான் நல்ல பிள்ளையாக எங்களை நேரே ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டான். ரயில் நின்றுகொண்டிருந்தது. பெட்டியையும் ஜாடியையும் ஏற்றி, சபியாவை ஜன்னல் ஓரத்தில் உட்காரவைத்து, நான் உள்ளே இடம் பிடித்துவிட்டேன். லத்தீபா படியில் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றாள். பின்னால் ஏறுகிறவர்கள் சத்தம் போட்டார்கள். நான் உள்ளேயிருந்து கத்தினேன், ஏறு, மணி அடித்துவிட்டான் என்று. கம்பியைப் பிடித்திருந்த கையை விட்டு நெஞ்சில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கை நின்னுருச்சுண்ணே."

அவளைத் திட்ட வாயைத் திறந்தேன். என்னிடம் காரணங்கள் இருந்தன, மாப்பிள்ளை, ஒரு ரயில் நிறைய இருந்தன. நீங்கள் துறையில் காத்திருப்பீர்கள். மாமி என்ன சொல்வார்கள். ஊர் என்ன சொல்லும். எல்லாம் சரியான காரணங்கள், இன்றைக்கும் அதில் ஒன்றைக்கூடத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் வாயில் உப்புக் கரித்தது. பள்ளிவாசலில் முதல் மிடறு குடித்ததும் கரித்ததே, அதே கரிப்பு. திறந்த வாயை மூடிக்கொண்டு, சபியாவை ஜன்னல் வழியாகவே, சாமான் தூக்கி வந்திருந்த பேயாண்டியிடம் நீட்டினேன். பெட்டியை நகரும் வண்டியிலிருந்துதான் தள்ளிவிட்டு, நானும் குதித்தேன். ஜாடி தண்டவாளத்தில் உடைந்தது.

என் வாழ்நாளில் நான் கேள்வி கேட்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான். செய்துவிட்டு, வந்த ஒவ்வொரு நாளும் தப்புச் செய்துவிட்டேனோ என்று நடுங்கிக்கொண்டுதான் இருந்தேன். இப்போதும் நடுக்கம் நிற்கவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. அவர்களை இறக்கிவிட்ட எனக்கு, உங்களை ஏற்றிக் கொண்டுவர வழி தெரியவில்லையே.

உங்கள் சரக்கு, உங்கள் கடை, வெறும் ஆளாக நிற்கும் வெட்கம், எல்லாம் நல்ல காரணங்கள் என்று ஒப்புக்கொள்கிறேன். அவை பேசி ஓயட்டும். ஓய்ந்த பிறகு ஒரு நிமிஷம் நெஞ்சில் கையை வைத்துப் பாருங்கள். அங்கே பேசாமல் நிற்பது எதுவோ, அது சொல்கிறபடி செய்யுங்கள். அது என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் சொல்லைக் கேட்டு யார் எதைச் செய்திருக்கிறார்கள்?

இன்னும் ஒரு சேதி. ரங்கூன் அரிசி இனி வராது என்று கடைக்காரர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவர்கள் உங்கள் அம்மா, லத்தீபா, சபியா, ஓசிச் சோற்றுக்கு நான். லத்தீபா பானையிலிருந்து அரிசி அளக்கிறாள். எங்கள் அளவு முடிந்த பிறகும் கை நிற்பதில்லை. இன்னும் ஓர் உழக்கு எடுத்துப் போட்ட பிறகுதான் நிற்கிறது. ஏன் என்று நான் கேட்டேன். தெரியவில்லை அண்ணே, அதற்கு முன்னால் நிற்கமாட்டேன் என்கிறது என்றாள். தாவூது வந்து சொல்லிவிட்டுப் போன அன்றும் அப்படித்தான், இன்று காலையும் அப்படித்தான். சிந்திய பருக்கையைக்கூடப் பொறுக்கி எடுக்கிற உங்கள் அம்மா, அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். தடுப்பதில்லை.

உங்கள் பங்கு சோறு மிஞ்சி, மறுநாள் பழையதாகி, என் வயிற்றுக்குள் போகிறது. நான் பருத்துக்கொண்டே போகிறேன். கீழவாசலில் வண்டிகளெல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டு போக வேறு பாதை போடப்போவதாகப் பேச்சு. தெரு இடிந்து போவதற்குள் வந்து உங்கள் சோற்றை நீங்களே சாப்பிடுங்கள். வெறும் ஆளாக வாருங்கள், அழுக்குச் சட்டையோடு வாருங்கள், கோபத்தோடு வாருங்கள், வந்தால் போதும்.

நடுவில் பிரித்துப் படிக்கும் துரையவர்களே, கறுப்பு மை பூசத்தான் வேண்டுமென்றால் என் வயிற்றின் மேலும் வண்டிப் பாதையின் மேலும் தாராளமாகப் பூசுங்கள்.

மாப்பிள்ளை, என் பேச்சில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்பது உங்கள் வழக்கம். முக்கால்வாசியைக்கூடத் தள்ளிவிடுங்கள், வருத்தமில்லை. அந்த ஓர் உழக்கு அரிசியை மட்டும் தள்ளிவிடாதீர்கள். அது உண்மை. அல்லாஹ் உங்களை அதற்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் மச்சான்,
சேக் இஸ்மாயில்